பீட்ரூட் உதடும் காப்பி நிற இமையும்

என் சித்தியின் வாயை ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. அப்படித்தான் அவளே சொல்வாள். பெரிய ஓட்டல் ஒன்றின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நிற்பது அவள் வேலை. கோட்டு, கழுத்தில் முடிச்சுப் போடும் துணி, காலை நசுக்கும் செருப்பு எல்லாம் ஓட்டல் கொடுப்பது. லிப்ஸ்டிக்கும்தான். என்ன நிறம் என்று எங்கேயோ உட்கார்ந்திருக்கும் தலைமை அலுவலகம் முடிவு செய்யும். இங்கே மேஜைக்குப் பின்னால் நிற்கிற அத்தனை பெண்களின் உதடும் ஒரே காலையில் நிறம் மாறும். “கழுத்துக்குக் கீழ அவங்க துணி, மூக்குக்குக் கீழ அவங்க சாயம். கண்ணு மட்டும்தான் என் சொந்தம்” என்பாள்.

அந்தச் சொந்தம்தான் அவள் காலை வாரிவிட்டது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள் எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புழுக்கம். சித்தப்பா என்று ஒருவர் இருந்தார். ஒரு மழை நாளில், குடை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார். நல்ல குடையாகத் தேடிக்கொண்டிருக்கிறார் போல, இன்னும் வரவில்லை. என்னைப் பெற்றவர்கள் பிரிந்தபோது, நான் அம்மாவிடம் இருப்பதாக அப்பாவும், அப்பாவிடம் இருப்பதாக அம்மாவும் நினைத்துக்கொண்டார்கள். சித்திதான் வந்து, யாருக்கும் வேண்டாம் என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், தையல்கடையில் மிச்சம் கிடந்த துணியைக் கேட்டு வாங்குவதுபோல. பையின் பின்னாலேயே நானும் நடந்தேன்.

காலையில் அவள் முகம் போடுவதைப் பார்ப்பது டிக்கெட் இல்லாமல் சர்க்கஸ் பார்ப்பது மாதிரி. கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டுவாள். உதட்டில் ஒரு பூச்சு. ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கவ்வி எடுப்பாள். இன்னொரு காகிதத்தை உதட்டில் ஒட்டி, அதன் மேலேயே பவுடரைத் தட்டுவாள். மறுபடி ஒரு பூச்சு. அதற்குப் பிறகு அந்த வாயால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. டீயை ஸ்ட்ரா போட்டுக் குடிப்பாள். ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி, தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோல உள்ளே போடுவாள். பேருந்தில் யாராவது காலை மிதித்தால்கூட உதட்டைக் கடித்துக்கொள்ள மாட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து அதையெல்லாம் அப்படியே செய்து காட்டுவேன். சீப்பு பறந்து வரும்.

ஐ ஷேடோ மட்டும் அவள் காசில் வாங்கியது. அதனால் உடைந்தாலும் தூக்கிப் போட மாட்டாள். உடைந்ததைத் தூளாக்கி, கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுக் குழைத்து, துணி சுற்றிய நாணயத்தால் அழுத்தி வெயிலில் வைப்பாள். மாலைக்குள் மறுபடி வில்லையாகிவிடும். எங்கள் ஜன்னல் விளிம்பில் வடகம் காய்கிற மாதிரி எந்நேரமும் நாலு நிறம் காய்ந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் காலை வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

“சித்தி, உன் கண்ணுல யாரோ முட்டையை உடைச்சு ஊத்தியிருக்காங்க” என்றேன்.

சீப்பு வரும் என்று குனிந்தேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது.

இலவச ஆஸ்பத்திரியில் கல்லீரல் என்றார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவள் இல்லை. குடித்துவிட்டு லிஃப்டில் வாந்தி எடுத்தவர்களின் கல்லீரல் எல்லாம் சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்தது; அவர்களுக்குச் சிரித்த முகமாகச் சாவி கொடுத்தவளுடையது கெட்டுப்போனது. மாத்திரை கொஞ்ச காலம் தாங்கும், ஆபரேஷன் இல்லாமல் தீராது, அதற்கு இங்கே வசதி இல்லை என்று டாக்டர் சொல்லி, வசதி இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். சித்திக்கு அந்தப் பெயர் முன்பே தெரியும். ஓட்டலில் பர்மனென்ட் ஆனவர்களுக்கு வைத்தியம் அங்கேதான். முழுச் செலவும் ஓட்டலுடையது.

சித்தி பர்மனென்ட் இல்லை. வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். ஆனால் அந்த வருஷம் தலைமை அலுவலகத்து ஆட்கள் இன்ஸ்பெக்ஷனுக்கு வரப்போகிறார்கள், அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும், மேஜையில் நிற்கிறவர்களை எல்லாம் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் நோய் என்று தெரிந்தால் பர்மனென்டும் கிடையாது, கான்ட்ராக்டும் கிடையாது. மஞ்சள் கண்ணோடு ஒருத்தி சாவியை நீட்டினால் எந்த விருந்தாளி கை நீட்டி வாங்குவான்? ஆக, வைத்தியம் கிடைக்க வேண்டுமென்றால், வைத்தியமே தேவைப்படாத முகத்தோடு நிற்க வேண்டும்.

“ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்கு ஆரோக்கியமா இருக்கணுமாம்” என்று சித்தி சிரித்தாள். லிப்ஸ்டிக் கெடாத சிரிப்பு.

முதலில் பெரிய கஷ்டம் தெரியவில்லை. ஓட்டலின் கூடத்தில் மஞ்சள் விளக்குகள்தான் எரிந்தன. அதன் கீழே போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் காமாலை. லிப்ஸ்டிக் அப்போது செங்கல் நிறம். அதோடு வெண்கல நிறத்தில் இமையைப் பூசிக்கொண்டால் எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி சேர்ந்து நின்றது. கண்ணும் அந்தக் குடும்பத்தில் ஒருத்தியாக ஒளிந்துகொண்டது.

பிறகு தலைமை அலுவலகத்துக்கு ஞானம் பிறந்தது. ஓட்டலுக்குப் புது முகம் என்றார்கள். மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வெள்ளை விளக்குப் போட்டார்கள். கழுத்துத் துணி ஊதா ஆனது. லிப்ஸ்டிக், நறுக்கிய பீட்ரூட்டின் நிறம் ஆனது. அதற்கு இமையில் ஊதாதான் பொருந்தும் என்று ஒரு வண்ண அட்டையை ஊழியர் அறைக் கதவில் ஒட்டினார்கள். கண் மட்டும்தான் என் சொந்தம் என்று சொன்னாளே, அந்தச் சொந்தத்திலும் கை வைத்துவிட்டார்கள்.

சித்தி புது லிப்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பார்லர் அக்காவிடம் போனாள். பார்லர் அக்கா எங்கள் தெருவின் கடைசியில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு பெஞ்சோடு கடை வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் பகலெல்லாம் அந்த பெஞ்சில்தான் கிடப்பேன். தையல்காரரிடம் இடுப்பளவை மறைக்க முடியாது என்பதுபோல, சித்தி அக்காவிடம் கல்லீரல் வரை எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, சித்தியின் உதட்டில் பீட்ரூட்டைப் பூசி, ஒரு இமையில் ஊதா வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றாள்.

அப்படியொரு பொருத்தம். உதடும் இமையும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. போதாததற்கு, ஊதா சித்திக்கு எப்போதும் பிடித்த நிறம். ஆனால் அந்த இமைக்குக் கீழே கண் எலுமிச்சம்பழமாகத் தெரிந்தது.

“அட்டையில போட்டவன் தப்பாப் போடலை. இந்த உதட்டுக்கு ஊதாதான்” என்றாள் அக்கா. “ஆனா ஊதா பக்கத்துல நின்னா மஞ்சள் மைக் போட்டுப் பேசும். உனக்கு ஆகாது.”

துடைத்துவிட்டு வேறு பார்த்தார்கள். பச்சை வைத்தால் பாசி பிடித்த தொட்டிக்குள்ளிருந்து எட்டிப்பார்ப்பது மாதிரி இருந்தது. தங்க நிறம், இருக்கிற மஞ்சளுக்குத் துணைக்கு ஆள் கூப்பிட்டது. சாம்பல் வைத்ததும் அக்காவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்ன?” என்றாள் சித்தி.

“செத்தவ மாதிரி இருக்கே.”

“அதுக்குத்தான் இன்னும் நாள் இருக்கே. துடை.”

கடைசியில் நின்றது காப்பி நிறம். மினுமினுப்பு கொஞ்சமும் இல்லாத, பார்த்த மாத்திரத்தில் மறந்துபோகிற காப்பி. இமை ரோமத்தை ஒட்டி அழுத்தமாக மை. கண் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், தெரியட்டும். பூசி முடித்துவிட்டு அக்கா ஒரு பாடமே நடத்தினாள். வாய் கத்த வேண்டும், கண் சும்மா இருக்க வேண்டும். வாயைப் பார்க்கிறவன் கண்ணைப் பார்க்க மாட்டான். அதனால் லிப்ஸ்டிக்கை இன்னும் ஒரு பூச்சு கூடவே போடு, பேசும்போது பார்வையை மேஜையில் வை. வாசலுக்குப் போய் தெருவிலிருந்து பார்க்கும்படி என்னை அனுப்பினார்கள். பார்த்தேன். வாய் மட்டும் தனியாக நடந்து வருவது மாதிரி இருந்தது. அதைச் சொன்னதும் இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

அந்த முகத்தோடு சித்தி வெள்ளை விளக்கின் கீழே நின்றாள். கண்ணைத் தாழ்த்தி, சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். விருந்தாளிகள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் இந்தக் காலத்தில் இப்படியொரு பெண்ணா என்று மேலாளரிடம் சொல்லிவிட்டே போனாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது சித்தியின் உடம்பெல்லாம் அரிப்பு. சீப்பின் பின்பக்கத்தால் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னாள். அப்போது அவளுக்குச் சாப்பாடு இறங்குவது குறைந்திருந்தது. கோட்டு தொளதொளத்தது. நான் பின்பக்கம் உள்மடிப்பாக ஊசி குத்தி விடுவேன். போகிற போக்கில் ஒரு நாள் அதில் ‘விற்பனைக்கு’ என்று எழுதிய சீட்டையும் சேர்த்துக் குத்திவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் யாரோ சொல்லித்தான் கழற்றினாளாம். சாயங்காலம் வந்து, “யாரும் விலைகூடக் கேட்கலடி” என்றாள்.

அவர்கள் சூப்பர்வைசர் அம்மாவுக்கு நான் வைத்த பெயர் ஸ்கேல். வளையாமல் நடப்பார், எல்லாரையும் அளந்துகொண்டே இருப்பார். சித்தியின் காப்பி நிற இமையை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார். ஊதா பட்டால் இமை தடிக்கிறது, ஒவ்வாமை என்று சித்தி சொன்னாள். ஸ்கேல் நம்பினாரோ இல்லையோ, இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் அட்டையில் உள்ளபடி வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கும் காப்பியிலேயே போய், மறந்துவிட்டேன் என்று சொல்லிக் கூட்டத்தில் நழுவிவிடலாம் என்பது சித்தியின் கணக்கு. போகும்போது உதட்டில் வழக்கத்தைவிட ஒரு பூச்சு கூட இருந்தது.

ஓட்டலுக்குப் போன் போட்டுக் கலாட்டா செய்வது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். பார்லர் அக்காவின் போனில், தொண்டையை அடைத்துக்கொண்டு ஆம்பளைக் குரலில் பேசுவேன். போன் ரூமில் இருக்கிற பெண் ஒன்றும் புரியாமல் சார் சார் என்று திணறுவாள். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போட்டேன். எடுத்த உடனே, “என் எருமைக்கு ஒரு ரூம் வேணும்” என்றேன்.

“நிச்சயமாக சார். எத்தனை நாள் தங்குவார்?” என்றது அந்தப் பக்கம்.

நான் சிரித்தேவிட்டேன், இந்தப் பெண் தேறிவிட்டாளே என்று.

“குளிக்கிற தொட்டி உள்ள ரூமா சார், அல்லது குட்டையா?”

அப்போதுதான் குரல் உறைத்தது. அது சித்தி. மேஜையில், வெள்ளை விளக்கின் கீழே, தலைமை அலுவலகத்து ஆட்களுக்கு எதிரில் நிற்க வேண்டிய சித்தி, கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத போன் ரூமில் உட்கார்ந்திருந்தாள்.

“சித்தி, நீ ஏன் போன்ல இருக்கே?”

அதே ஓட்டல் குரலில், “மன்னிக்கணும் சார். எருமைக்கு இடமில்லை” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவளே சொன்னாள், வேறு யாருக்கோ நடந்த தமாஷைச் சொல்வது மாதிரி. ஊழியர் அறையில் ஸ்கேல் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்திருக்கிறார். அவர் கையிலேயே பிரஷ். அட்டையில் இருப்பது ஒன்று, ஒவ்வொருத்தி போட்டுக்கொண்டு வருவது ஒன்று, இன்றைக்கு நானே போட்டு விடுகிறேன் என்று. அவருக்கும் பயம்தான், அவர் வேலைக்கும் அன்றைக்குத்தான் பரீட்சை. சித்தியின் முறை வந்தது. ஒவ்வாமை என்று ஆரம்பித்தாள். ஸ்கேல் பேச்சே கேட்கவில்லை. ஈரப் பஞ்சால் காப்பி நிறத்தை ஒரே இழுப்பில் துடைத்து, மூடிய இமை இரண்டிலும் ஊதாவைப் பூசி, கண்ணைத் திற என்றார்.

சித்தி திறக்கவில்லை. எவ்வளவு நேரம்தான் மூடிக்கொண்டே நிற்பது? திறந்தாள்.

“பிரஷ் அப்படியே அந்தரத்துல நின்னுடுச்சுடி” என்றாள் சித்தி. “இவ்வளவு கிட்டத்துல. அந்தம்மா மூச்சு என் மூக்குல படுது.”

தூக்கம் இல்லை மேடம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

“தூக்கம் இல்லைன்னா சிவக்கும்” என்றாராம் ஸ்கேல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. போன் ரூம் பெண்ணை மேலே வரச் சொன்னார். சித்தியின் கழுத்திலிருந்து ஊதாத் துணியை அவரே அவிழ்த்து, அந்தப் பெண்ணின் கழுத்தில் கட்டினார். முடிச்சைச் சரி செய்துகொண்டே, இன்னிக்கு நீ கீழே போய் உட்கார் என்றார்.

“நல்லதுக்குத்தான் அனுப்பினாங்களோ?” என்று கேட்டேன்.

“அதைத்தான் நானும் போன் ரூம்ல உட்கார்ந்து யோசிச்சேன். அதுக்குள்ள ஒரு எருமை கூப்பிட்டுடுச்சு.”

ஸ்கேல் யாரிடமாவது சொன்னாரா, அல்லது வந்தவர்கள் மேஜையில் நின்ற முகங்களை மட்டும் எண்ணிக்கொண்டு போனார்களா, கடைசிவரை தெரியவில்லை. மேஜையில் நின்றவர்கள் பர்மனென்ட் ஆனார்கள். போன் ரூம் பெண்ணும் ஆனாள். சித்தியின் கான்ட்ராக்ட் முடிந்தது, அதை யாரும் புதுப்பிக்கவில்லை. கோட்டையும் செருப்பையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். லிப்ஸ்டிக்கைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

போன் ரூம் பெண் ஒரு நாள் எங்கள் படியேறி வந்தாள். கையில் பழப்பை. வாசலிலேயே நின்று அழுதாள். நான் அவளிடம் நாலு வார்த்தை கேட்பதற்காக வாயைத் திறந்தேன். சித்தி என்னைக் கண்ணாலேயே உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். முன்பல்லில் லிப்ஸ்டிக் ஒட்டியிருந்தது.

“இப்படியேவா மேஜையில நிக்கறே?” என்றாள்.

பிறகு அவளைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, காகிதத்தைக் கவ்வுவது, அதன் மேல் பவுடர் தட்டுவது, மறுபடி பூசுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். இமைக்கு ஊதாவும் வைத்து விட்டாள். அந்தப் பெண்ணின் கண் வெள்ளை வெளேர் என்று இருந்தது. சித்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாத்திரை தாங்குகிற மட்டும் தாங்கியது. மழைக்காலம் ஆரம்பித்தபோது கால் வீங்கியது, பிறகு வயிறு. நானும் பார்லர் அக்காவும் ஆட்டோவில் ஏற்றி இலவச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. வார்டில் குழாய் விளக்குகள், எல்லாம் வெள்ளை. அதன் கீழே சித்தி மஞ்சள் பூசிய மாதிரி கிடந்தாள், கண் மட்டும் இல்லை, உள்ளங்கைகூட. பக்கத்துக் கட்டில்காரி தன் குழந்தையை இந்தப் பக்கம் விடவில்லை.

அடுத்த நாள் காலை, பையைக் கொடு என்றாள் சித்தி. உள்ளே அந்தப் பீட்ரூட் லிப்ஸ்டிக் இருந்தது. நானே பூசினேன். காகிதம் கொடுத்தேன், கவ்வினாள். இமைக்குக் காப்பி நிறத்தைத் திறந்தேன்.

“அது வேண்டாம். ஊதா போடு.”

“சித்தி, ஊதா போட்டா...”

“தெரியும். இனி யாருகிட்ட மறைக்கணும்? அந்த உதட்டுக்கு அதுதான் பொருத்தம். ஒரு நாளாவது ஒழுங்காப் போட்டுக்கறேன்.”

அந்த வில்லை எங்கள் ஜன்னலில் காய்ந்ததுதான். நடுவில் நாணயத்தின் தடம் இருந்தது. விரலாலேயே எடுத்துப் பூசினேன். இமை காகிதம் மாதிரி இருந்தது, அழுத்தப் பயமாக இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் கோணலாகிவிட்டது. கண்ணாடியை எடுத்துக் காட்டினேன்.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“மஞ்சள் மைக் போட்டுப் பேசுது.”

“பேசட்டும். இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்துச்சு இல்ல.”

டாக்டர் சுற்றி வருகிற நேரம். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்து எங்களிடம் நின்றார். பின்னால் வந்த நர்ஸ், சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் யார் போட்டுவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தாள். சித்தி தலையணையில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. அகலமாகத் திறந்து, நேராக டாக்டர் முகத்தைப் பார்த்து, ஓட்டல் குரலில் கேட்டாள்.

“வணக்கம் சார். இன்னும் எத்தனை நாள் தங்கணும்?”

நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். டாக்டர் கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தார், படிக்காமலே மாட்டினார். அவர் சித்தியைப் பார்க்கவில்லை. உங்ககூட பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா என்று என்னிடம் கேட்டார்.